அல்வாலில் ஒரு மளிகை அலமாரி



செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கு வடக்கே, லோத்குண்டாவை அடுத்து இருப்பது அல்வால். 2007-ஆம் ஆண்டு ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாயிருந்த ஊர். பிழைப்பைத் தேடி இங்கே குடியேறும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே ஒன்றை அறிந்துகொள்ளுகிறார்கள். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் குறைக்க இயலாது. ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க மனம் ஒப்பாது. கை வைக்கக்கூடிய இடம் அடுக்களை ஒன்றே. தோசை மாவைப் பாக்கெட்டிலும் குழம்பை ஹோட்டலிலும் வாங்கினால் இருபதாம் தேதிக்குமேல் கைமாற்று கேட்க நேரிடும். எங்கள் வீட்டிலும் அப்படியே நேரிட்டது.

முதலில் கடைக்காரரிடம் கேட்கத் தெரியவேண்டும். துவரம்பருப்பு இங்கே கந்திப்பப்பு, உளுந்து மினப்பப்பு, பாசிப்பருப்பு பெசரப்பப்பு, கடலைப்பருப்பு செனகப்பப்பு. கடுகு ஆவாலு, சீரகம் ஜீலகர்ரா, வெந்தயம் மெந்துலு. இவ்வளவும் நாவில் பழகிவிட்டால், கண்ணாடிப் பெட்டியிலுள்ள விலையுயர்ந்த பாக்கெட்டை விரலால் சுட்டிக்காட்டி வாங்கவேண்டிய அவசியம் இராது. மூட்டையிலுள்ளதை நிறுத்து வாங்கலாம்.

அரிசியில்தான் நான் ஏமாந்தேன். இங்கு எங்கும் கிடைப்பது சோனா மசூரி என்னும் பச்சரிசி. சோற்றுக்கு மிகவும் நல்லது. அதையே 25 கிலோ மூட்டையாக வாங்கி இட்லிக்கும் அரைத்தேன், இட்லி கல்லாயிற்று. புழுங்கலரிசியை உப்புடு பிய்யம் என்று கேட்டால் சில கடைகளில் கிடைக்கும், ஆனால் எல்லாக் கடைகளிலும் இராது. அயல்வீட்டுத் தெலுங்கு அம்மாள் காட்டிய வழியே எனக்கு எளிதாயிற்று. புழுங்கலரிசியை உடைத்துச் செய்த இட்லி ரவையை அவர்கள் வாங்குகிறார்கள். ஒரு பங்கு உளுந்தை ஊறவைத்து அரைத்து, இரண்டு பங்கு ரவையைக் கழுவி ஊறவைத்துப் பிழிந்து, அதோடு கலந்து இரவு முழுவதும் புளிக்க விடுகிறார்கள். அரைப்பது உளுந்து மாத்திரமே. கிரைண்டர் இல்லாத வீட்டில் மிக்ஸியே போதும். பக்குவம் நம்முடையதைவிடச் சற்றுக் கரகரப்பாயிருக்கும், பிள்ளைகள் குறை சொல்லவில்லை.

காய்கறிக்கு அல்வால் ரைது பஜாரை நாடுங்கள். விவசாயிகள் நேரே விற்கும் இச்சந்தைகள் 1999 சனவரியில் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் மதுரை அண்ணா நகரில் நம் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றன்றைய விலையை வைத்து, அதைப் பலகையில் எழுதியிருப்பார்கள். பேரம் பேசத் தெரியாத நமக்கு இது பெரிய ஆறுதல். புளிச்சக்கீரையை இங்கே கோங்குரா என்பார்கள். பருப்போடு சேர்த்துக் கடைந்தால் அன்று புளிச் செலவு மிச்சம்.

பருப்பும் மஞ்சளும் இம்மாநிலத்தின் விளைச்சலே. தாண்டூர் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அல்வால் நிலையத்தைக் கடந்து செல்லும் இரயில் பாதையிலேயே மஞ்சளுக்குப் பேர்போன நிஜாமாபாத் இருக்கிறது. 2025 சனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் அங்கே தொடங்கப்பட்டது. மிளகாய், மல்லி, புளி ஆகியவற்றைக் கோடை வெயில் இருக்கும்போதே வாங்கி, காயவைத்துப் பொடியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்விடத்து மிளகாயில் காரம் அதிகம். ஊரில் போடும் அளவை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

மழை தொடங்கினபின் மொத்தமாக வாங்காதிருப்பது நலம். ஒரு சூன் மாதம் மலிவாய்க் கிடைத்ததென்று பத்துக் கிலோ ரவை வாங்கினேன். பாதி வண்டுக்கே போயிற்று. ரவை, கோதுமை மாவு முதலியவற்றை இரண்டு கிலோவுக்குமேல் வைப்பதில்லை. துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்து ஆறவிட்டு, காய்ந்த மிளகாயோடு டப்பாவில் அடைத்தால் நெடுநாள் கெடாது.

இன்னொன்று, பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் பி.எச்.எச். என்று அச்சிட்டிருக்குமானால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தின்படி மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியத்தை இங்குள்ள ரேஷன் கடையிலும் பெறலாம். ஆதார் இணைக்கப்பட்டு, விரல்ரேகை பொருந்தவேண்டும். தமிழ்நாடு 2020 அக்டோபரில் இதில் சேர்ந்தது. என்.பி.எச்.எச். அட்டைக்கு இச்சலுகை இல்லை.

சாறிபாத் விதவையின் பானையில் மாவு குறையவில்லை. நம் டப்பாவில் குறைகிறது. ஆகையால் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, எது எந்தத் தேதியில் தீர்ந்தது என்று குறித்துவருகிறேன். நான்கு பேருக்கு மாதம் 3 கிலோ துவரம்பருப்பு போதுமென்பதை அந்தத் தாளிலிருந்தே கண்டுகொண்டேன். அதுவரை ஐந்து கிலோ வாங்கிக்கொண்டிருந்தேன்.