கடலுக்கும் பிளேட் வைக்கிறாங்க

1/ வாசுதேவநல்லூர்ல இருக்கிற டாக்டருக்குப் பவளப்பாறையில என்ன வேலைன்னு கேப்பீங்க. நமக்கு மேற்கே மலைதான், கடல் தூத்துக்குடியில. ஆனா விஷயம் எலும்பு முறிவு மாதிரி. படிங்க.

2/ பவளம் கல் இல்லைங்க, உயிர். கால்சியத்தால தனக்கொரு கூடு கட்டிக்கும். தூத்துக்குடி கடல்ல பல வருஷமா அதை வெட்டி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தாங்க.

3/ அலையைத் தடுக்க ஆளில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் மூழ்கிடுச்சு. 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014-ல் சுமார் 2 ஹெக்டேர்.

4/ 2015-லிருந்து அந்தத் தீவைச் சுத்தி, ஓட்டை வச்ச கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினாங்க. அடி அகலம், மேலே குறுகல். ஓட்டை வழியா தண்ணி போகும், அலையோட வேகம் குறையும், மீன் ஒதுங்கும். பவளத்தோட லார்வா ஒட்டி வளரவும் கெட்டியான இடம் கிடைக்கும்.

5/ எலும்பு உடைஞ்சா பிளேட் வைக்கிறோம். பிளேட் எலும்பை ஒட்டவைக்காது, அசையாம பிடிச்சுக்கும். கூடறது எலும்போட வேலை. கான்கிரீட்டும் அப்படித்தான்.

6/ ஆனா காய்ச்சல்? 2016 கோடையில் கடல் சூடாகி, மன்னார் வளைகுடாவில் சுமார் 16 சதவீதப் பவளம் செத்துச்சு. சூட்டுல பவளம் தனக்குச் சோறு போடுற பாசியை வெளியேத்திடும், வெளுத்துடும். சூடு தணிஞ்சா பிழைக்கும். நீடிச்சா பட்டினிச் சாவு.

7/ அதனால "இத்தனை கான்கிரீட் இறக்கியாச்சு"ன்னு செய்தி வந்தா சந்தோஷப்படுங்க. கூடவே, அடுத்த கோடை முடிஞ்சதும் அதுல எத்தனை பவளம் உயிரோட இருக்குன்னும் கேளுங்க. பிளேட் வச்ச அன்னைக்கே யாரையும் குணமாயிட்டார்னு எழுதி அனுப்பறதில்லையே.