கைக்கு முன்னே ஓடும் மனம்

எழுதுவது கை, எழுதச் செய்வது மனம். இது எல்லாரும் அறிந்ததே. ஆயினும் மனம் கையை எவ்வளவு முந்திச் செல்கிறது என்பதை, இரு சொற்கள் கூடி ஒன்றாகும் இடத்திலேதான் நாங்கள் கண்டுகொண்டோம்.

மரம், வேர் என்று தனித்தனியே எழுதுவது எளிது. 'மரவேர்' என்று சேர்த்து எழுதினாலோ மகர மெய் மறைந்துவிடுகிறது. 'பொற்குடம்' என்னும்போது பொன்னின் னகரம் றகரமாகிறது. 'வாழைப்பழம்' என்னும்போது நடுவே ஒரு பகர மெய் புதிதாய்ப் பிறக்கிறது. கெடுதல், திரிதல், தோன்றல் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்த விகாரங்கள் இவையே. முதற்சொல் முடியுமுன்பே அடுத்த சொல் இன்னதென்று மனம் அறிந்திருந்தாலன்றோ கை சரியான எழுத்தை இடும்!

ஒலி மட்டும் தெரிந்தால் போதாது. பொருளும் தெரிய வேண்டும். ஒருவர் நமக்குக் கொடுத்தது 'தந்த பலகை'. யானைக் கொம்பினால் செய்தது 'தந்தப்பலகை'. ஓர் ஒற்றுக்குள் ஒரு யானையே ஒளிந்திருக்கிறது!

ஜெர்மானியரும் சொற்களைச் சேர்த்தே எழுதுவர். கையுறைக்கு அவர்கள் வழங்கும் 'ஹண்ட்ஷூ' என்னும் பெயர், 'கை', 'காலணி' என்னும் இரு சொற்களின் கூட்டு. அம்மொழியை எழுதுவோரின் கையசைவைக் கருவிகளால் அளந்த ஆய்வாளர்கள், சொல்லும் சொல்லும் கூடும் எல்லையில் அடுத்த எழுத்தைத் தொடங்கச் சற்றே கூடுதல் நேரமாவதைக் கண்டிருக்கிறார்கள். நொடியில் ஒரு சிறு பங்குதான். அதற்குள் மனம் ஒரு சொல்லுக்கான வேலையைச் செய்துவிடுகிறது.

எங்கள் வகுப்பில், சொல்வதெழுதுதலில் என்றும் கடைசியாக முடிக்கும் தோழி ஒருத்தி உண்டு. 'மந்தம்' என்று அவளைச் சிலர் சொல்வதும் உண்டு. ஒரு நாள் அவள் எழுதும்போது பேனா முனையையே பார்த்திருந்தோம். 'ஊறுகாய்' தடையின்றி ஓடிற்று. 'மட்குடம்' என்றதும் 'ம' எழுதிய பேனா நின்றது, பிறகு நகர்ந்தது. பக்கம் முடிந்தபோது அவள் ஏட்டில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. விரைந்து முடித்தவர்களின் ஏடுகளிலோ சிவப்பு மைக்குக் குறைவில்லை.

ஆகவே அன்புள்ள பெற்றோரே, ஆசிரியைகளே, அருட்சகோதரிகளே! வீட்டிலோ வகுப்பிலோ ஒரு சிறுமியின் பேனா சொல்லின் நடுவே நின்றால், "ஏன் நிறுத்தினாய்?" என்று அதட்டாதீர்கள். நின்றது கைதான், மனம் அடுத்த சொல்லின் வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கும்வரை சற்றே பொறுத்திருங்கள்.