1,800 சுற்றா, 1,200 போதுமா?

சென்னை ரிச்சி தெருவில் கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கிய பிறகுதான் கணினி அசெம்பிள் செய்யும் ஒரு மாடி அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காரணம் எளிது. அண்ணா சாலைக்கு இவ்வளவு அருகில், ஆட்டோவும் பைக்கும் உறுமும் பகல் வேளையில், கணினி விசிறியின் சத்தத்தை யாராலும் பிரித்துக் கேட்க முடியாது.

மேசைமேல் பக்கக் கதவு கழற்றிய ஒரு கேபினட். வீட்டிலேயே ஒலிநூல் பதிவு செய்யும் ஒருவருக்காக அசெம்பிள் ஆகிறது. "பழைய சிஸ்டத்துல பேசினா பின்னாடி 'ஙொய்'னு ஒரு சத்தம் பதிவாகுதாம் சார். வாசிச்ச பக்கத்தையே திரும்ப வாசிக்கிறாராம்" என்றார் டெக்னீஷியன். குரலை நம்பி வாழ்கிறவருக்கு இது சின்னக் குறை இல்லை.

முதலில் ஏசியை அணைத்தார், அடுத்து சீலிங் ஃபேனை. வியர்வை வழியத் தொடங்கியதும்தான் அறையின் உண்மையான அமைதி தெரிந்தது. ஒலிமானியில் 36 டெசிபல். விசிறிப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் எண்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்.எஃப்-ஏ12x25 விசிறிக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 22.6 டெசிபல் என்று போட்டிருக்கிறது. 36 உள்ள அறையில் 22ஐ அளக்க வழியே இல்லை. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஒலிமானிகள் 30க்குக் கீழே இறங்குவதும் இல்லை. எதிரொலியே இல்லாத, ஏறக்குறைய சத்தமே புகாத அறைகளில் எடுக்கும் எண்கள் அவை. பெட்டி எண்ணை மட்டும் நம்பி விசிறி வாங்குவது சரியில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

அவர் வேறு வழியில் போனார். ஒலிமானியை விசிறிக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். நேர் எதிரே பிடித்தால் காற்று மைக்கில் மோதி, இல்லாத சத்தத்தையும் காட்டிவிடும். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரில் புதைந்துபோகும் ஒலி ஒரு சாணில் 12 டெசிபல் மேலெழுந்து பிடிபடும்.

120 மில்லிமீட்டர் விசிறி, ஏழு இறக்கை. பயாஸில் வேகத்தை 1,800 சுற்றுக்கு ஏற்றினார். ஒலிமானி 48ஐத் தொட்டது. முழுச்சுமை சோதனையில் புராசசர் 71 டிகிரி. 1,200க்கு இறக்கினார். சத்தம் 41, வெப்பம் 74. எனக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. மூன்று டிகிரிக்காகவா இவ்வளவு இரைச்சலைச் சகித்துக்கொண்டிருக்கிறோம்? 900க்கு வந்ததும் விசிறியின் ஒலி அறையின் ஒலியோடு கரைந்து, ஒலிமானியால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. வெப்பம் 79.

விசிறிப் பொறியியலில் இதற்குப் பழைய கணக்கு உண்டு. சுற்றைப் பாதியாக்கினால் வீசும் காற்றும் பாதியாகும். ஆனால் தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகவும், சத்தம் சுமார் 15 டெசிபலும் குறைந்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் படும். கடைசி சில நூறு சுற்றுகள் தரும் குளிர்ச்சி சொற்பம், வாங்கும் விலை அதிகம்.

வேகம் குறையும்போது மோட்டாரிலிருந்து தனியாக ஒரு கீச்சொலி வரவில்லையே என்று கேட்டேன். வயரைத் திருப்பிக் காட்டினார். நாலு பின். 12 வோல்ட் மாறாமல் போய்க்கொண்டிருக்க, நாலாவது வயர் நொடிக்கு 25,000 முறை துடிக்கும் சமிக்ஞையால் வேகத்தைச் சொல்கிறது. மனிதக் காதின் எல்லை 20,000. மூன்று பின் விசிறியில் வோல்ட்டையே குறைக்கவேண்டும். ரொம்பக் குறைத்தால் விசிறி கிளம்பாமலே நின்றுவிடும்.

பிறகு அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஓடும் விசிறியின் பின்புறம், காற்றை இழுக்கும் பக்கத்தில், கேபினட்டின் முன்பக்கத் தூசி வலையைக் கொண்டுவந்து ஒட்டினார். சுற்று மாறவில்லை, ஆனால் மெல்லிய 'ஹ்ம்' கனத்த ரீங்காரமாகிவிட்டது. வலையைத் தாண்டிக் கலைந்து வரும் காற்றை இறக்கைகள் வெட்டுவதால் வரும் ஒலி. இரண்டு விரற்கடை விலக்கினார், ரீங்காரம் அடங்கியது. விலை உயர்ந்த விசிறியை வாங்கி வலையோடு ஒட்டிப் பொருத்துகிறவர்கள் இதை ஒருமுறை கேட்கவேண்டும்.

இன்னொரு மூலையில் பழைய விசிறி ஒன்று கரகரத்தது. அது காற்றின் சத்தமே இல்லை, புஷ் தேய்ந்த சத்தம். நடு ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். கரகரப்பு நின்றது. "சில மாசம் தாங்கும் சார். அப்புறம் மாத்தித்தான் ஆகணும்."

கேபினட்டின் முன்பக்கத்தில் இரண்டு விசிறிகளை மாட்டி இரண்டையும் 1,200இல் ஓடவிட்டபோது புதிய தொல்லை. சத்தம் 'ஊம்... ஊம்...' என்று ஏறி இறங்கியது. ஒரே எண்ணைக் கொடுத்தாலும் இரண்டும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஏழு இறக்கை 1,200 சுற்றில் நொடிக்கு 140 முறை காற்றை வெட்டும். அடுத்தது 1,210இல் ஓடினால் 141 முறைக்குச் சற்று மேல். அந்த வித்தியாசமே நொடிக்கொரு அலையாகக் கேட்கிறது. சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது. ஒலிநூல் பதிவிலும் அப்படித்தான்: நிலையான ஒலியை மென்பொருளால் ஓரளவு துடைக்கலாம், அலையும் ஒலியைத் துடைப்பது கடினம். மேல் விசிறியை 1,050க்கு இறக்கினார். அலை போய்விட்டது.

அடுத்து வெப்பத்துக்கேற்ப வேகம் ஏறும் கோட்டை பயாஸில் வரைந்தார். குளிர்நாட்டுக்காரர்கள் வரைந்த கோட்டை அப்படியே எடுத்துக்கொள்வது சென்னையில் செல்லாது. ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அங்கே 20 டிகிரியில் தொடங்கும் கணக்கு இங்கே 32இல் தொடங்குகிறது. அந்த 12 டிகிரியைச் சேர்க்காவிட்டால், லேசான வேலைக்கே விசிறி அலறும். அவர் கோட்டை வலப்பக்கம் நகர்த்தி, 75 டிகிரி வரை 1,200ஐத் தாண்டாதபடி வைத்தார். கணநேரச் சூட்டுக்கெல்லாம் துள்ளாமல் இருக்கச் சில நொடித் தாமதமும் கொடுத்தார்.

கடைசியில் ஒரு துண்டுத் தாளில் இரண்டு விசிறிகளின் சுற்றுகளையும் எழுதிக் கேபினட் கதவின் உட்புறம் ஒட்டினார். கீழே "அறை 32°, ஏசி இல்லாமல்" என்றும் சேர்த்தார். பதிவு செய்யும்போது அந்த வீட்டில் ஏசியையும் அணைத்துவிடுவார்களாம்.