ஆட்டம் நின்றும் இடியாத மைதானம்: கிளாஸ்கோவின் கேத்கின் பார்க்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க நினைப்பது பழைய தேவாலயம், அருங்காட்சியகம், கிளைடு நதிக்கரை. கால்பந்துப் பிரியர்கள் என்றால் செல்டிக், ரேஞ்சர்ஸ் கிளப்களின் மைதானங்கள். ஆனால், நகரின் தென்பகுதியில் டிக்கெட் இல்லாமல், கேட்டில் காவலாளி இல்லாமல் ஒரு மைதானம் திறந்தே கிடக்கிறது. பெயர் கேத்கின் பார்க்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் சற்று நேரத்தில் கிராஸ்ஹில் வந்துவிடும். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் மற்றுமொரு பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களும், பந்து உதைக்கும் பையன்களும் தெரிவார்கள். உள்ளே போனால்தான் விஷயம் புரியும். நடுவில் பச்சைப் புல்தரை. அதைச் சுற்றி மூன்று பக்கமும் மேடேறும் கான்கிரீட் படிகள். கூட்டம் சரிந்து விழாமல் இருக்கப் போட்ட சிவப்புக் கம்பித் தடுப்புகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. அந்தத் தடுப்புகளுக்கு நடுவே, ரசிகர்கள் நின்ற இடத்தில் இப்போது மரங்கள் உயரமாக வளர்ந்திருக்கின்றன.

1954-ல் ரேஞ்சர்ஸுடன் நடந்த ஒரு கோப்பை ஆட்டத்தை இந்தப் படிகளில் நின்று பார்த்தவர்கள் 45,455 பேர். 1967 ஏப்ரல் 25 அன்று நடந்த கடைசி லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 325 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பதிமூன்றே வருடங்கள்.

படைவீரர்கள் தொடங்கிய கிளப்

இங்கே ஆடிய கிளப்பின் பெயர் தர்ட் லனார்க். அது என்ன 'தர்ட்'? லனார்க்ஷயர் மாவட்டத்தின் மூன்றாவது ரைஃபிள் தொண்டர் படையைச் சேர்ந்தவர்கள் தொடங்கியதால் வந்த பெயர். உலகின் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டி 1872 நவம்பர் 30 அன்று, இதே கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. இரு தரப்பும் கோல் போடவில்லை. ஆனால் ஊருக்குக் கால்பந்து ஜுரம் பிடித்துக்கொண்டது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் இந்தப் படைவீரர்கள் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். சட்டை நிறம்கூடப் படையின் சிவப்புதான்.

1890-ல் ஸ்காட்லாந்து லீக் உருவானபோது, அதைத் தொடங்கிய கிளப்களில் இதுவும் ஒன்று. 1904-ல் லீக் சாம்பியன். 1889, 1905 ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் கோப்பை. ரசிகர்கள் செல்லமாக 'ஹை ஹை' என்று கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் பந்தை மைதானத்துக்கு வெளியே போகும் அளவு உயரமாக உதைக்க, கூட்டம் 'ஹை, ஹை' என்று கத்தியதில் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு.

ரயில் மாற்றிய இடம்

மைதானத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. ஸ்காட்லாந்தின் தேசிய மைதானம் ஹாம்ப்டன் பார்க். இந்தப் பெயரில் அடுத்தடுத்து மூன்று மைதானங்கள் இருந்திருக்கின்றன. முதல் ஹாம்ப்டன் வழியாக ரயில் பாதை போட வேண்டும் என்று வந்ததால், குயின்ஸ் பார்க் கிளப் அதைக் காலி செய்துவிட்டு 1884-ல் இந்த இடத்துக்கு வந்தது. அதாவது இரண்டாவது ஹாம்ப்டன்தான் இன்றைய கேத்கின் பார்க். 1903-ல் அவர்கள் இன்னும் பெரிதாக மூன்றாவது ஹாம்ப்டனைக் கட்டிக்கொண்டு போக, காலியான இடத்துக்கு தர்ட் லனார்க் குடிவந்தது.

நூறு கோல் போட்ட வருடம்

1960-61 சீசன்தான் பழைய ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் வருடம். முதல் டிவிஷனில் 34 ஆட்டங்களில் சரியாக 100 கோல்கள். கடைசி ஆட்டத்தில் ஹிபர்னியன் அணியை 6-1 என்று ஜெயித்து அந்த நூறைத் தொட்டார்கள். பட்டியலில் மூன்றாம் இடம்.

அதற்குப் பிறகு சறுக்கல். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். வந்த பணம் அணிக்குத் திரும்பவில்லை. 1964-65 சீசனில் 34 ஆட்டங்களில் வெறும் 3 வெற்றி. இரண்டாவது டிவிஷனுக்கு இறக்கப்பட்டார்கள். படிகளில் கூட்டம் கரைந்தது. கூட்டம் கரைய வருமானமும் கரைந்தது.

ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை

கேத்கின் பார்க்கில் குயின் ஆஃப் தி சவுத் அணியுடன் 3-3 என்று டிரா ஆன மூன்றாம் நாள், கிளைடு நதியோரம் இருக்கும் டம்பார்ட்டன் ஊருக்கு தர்ட் லனார்க் போனது. பாக்ஹெட் பார்க் மைதானம். இரண்டாவது டிவிஷன் ஆட்டம். 1890-ல் லீக்கைத் தொடங்கிய இரண்டு கிளப்கள்தான் எதிரெதிரே நின்றன. முதல் சீசனின் சாம்பியன் பட்டத்தை ரேஞ்சர்ஸுடன் பகிர்ந்துகொண்டதே இந்த டம்பார்ட்டன்தான். அவ்வளவு பெருமை உள்ள இரண்டு பேரும் கீழ் டிவிஷனில், ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் பெரிதாக எதுவும் மாறாத ஓர் ஆட்டத்தில் சந்தித்தார்கள்.

டம்பார்ட்டன் 5, தர்ட் லனார்க் 1. அந்த ஒற்றை கோலைப் போட்டவர் ட்ரூ பஸ்பி என்ற இளைஞர். பின்னாளில் ஏர்ட்ரி, ஹார்ட்ஸ் அணிகளில் பேர் வாங்கியவர். 95 வருடக் கிளப்பின் கடைசி கோல் அது.

20 அணிகளில் 11-வது இடம். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் சாகவேண்டிய அணி இல்லை. நடுத்தரமான அணி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய நிலைமை. ஆனால் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி இருந்தது. கடன் ஏறியிருந்தது. அதே வருடம் கிளப் கலைக்கப்பட்டது. அரசின் வர்த்தகத் துறை விசாரணை நடத்தி, நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. கம்பெனிச் சட்டத்தை மீறியதாக முன்னாள் இயக்குநர்கள் நான்கு பேருக்கு ஆளுக்கு 100 பவுண்டு அபராதம். ஒரு தலைமுறையின் சனிக்கிழமைகளுக்கு அவ்வளவுதான் விலை.

காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக் கால்பந்தின் பொற்காலமே அந்த வசந்தம்தான். ஏப்ரல் 15 அன்று உலக சாம்பியனான இங்கிலாந்தை அதன் சொந்த வெம்பிளி மைதானத்தில் 3-2 என்று ஸ்காட்லாந்து தோற்கடித்தது. மே 25 அன்று லிஸ்பனில் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. ஆறே நாளில் ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் ஆடியது. நாடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அதே நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு கிளப் கதவைச் சாத்தியது பலர் காதில் விழவே இல்லை.

லீக் பட்டியலில் மட்டும் ஓர் ஓட்டை தெரிந்தது. அடுத்த ஏழு சீசன்கள் இரண்டாவது டிவிஷன் 19 அணிகளோடுதான் நடந்தது. ஒற்றைப்படை எண் ஆயிற்றே? எல்லோரும் ஆடும் வாரத்தில் ஏதாவது ஓர் அணி எதிராளி இல்லாமல் சும்மா இருந்தாக வேண்டும். 1974-ல் மெடோபேங்க் திசில் என்ற அணி வந்து சேர்ந்த பிறகுதான் எண்ணிக்கை மறுபடி 20 ஆனது.

எது மிஞ்சியது?

கடைசி ஆட்டம் நடந்த பாக்ஹெட் பார்க் இன்று இல்லை. டம்பார்ட்டன் கிளப் 2000-ல் வேறு மைதானத்துக்கு மாறியது. பழைய இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. கிளப் தொடர்கிறது, அதன் பழைய மைதானம் போய்விட்டது. கேத்கினில் தலைகீழ். கிளப் போய்விட்டது, மைதானம் இருக்கிறது. இங்கேயும் வீடு கட்டும் பேச்சு இருந்தது. அது நடக்காமல், இடம் நகராட்சியின் பூங்காவாக நிலைத்தது. பெரிய ஸ்டாண்டு இடிக்கப்பட்டாலும் படிகளை விட்டுவைத்தார்கள். தர்ட் லனார்க் என்ற பழைய பெயரிலேயே ஓர் அமெச்சூர் அணி இப்போது இந்தப் புல்தரையில் ஆடுகிறது.

போவதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்திருந்தால் படிகள் பாசி பிடித்து வழுக்கும்; நல்ல ஷூ அவசியம். அப்படியே கொஞ்சம் தெற்கே நடந்தால் இன்றைய ஹாம்ப்டன் பார்க். அதற்குள்ளேயே ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. கோப்பைகளை அங்கே கண்ணாடிக்குள் பார்க்கலாம். கேத்கினில் பார்க்கக் கிடைப்பது வெறும் படிகளும் சிவப்புக் கம்பிகளும்தான். ஆனால் அந்தக் கம்பியில் சாய்ந்துகொண்டு, கீழே விளையாடும் பையன்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.