விடைத்தாளில் இல்லாத வினா

புதிர் என்றால் பிள்ளைகளுக்குப் பலகாரத்திலும் இனியது. இதனை உணர்ந்தே மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் சில, பார்வையாளரைத் துப்பறிவோராக்கும் கண்காட்சிகளை நடத்தி வந்துள்ளன. 2007இல் சிக்காகோ நகரின் அறிவியல், கைத்தொழில் அருங்காட்சியகத்தில் அத்தகைய கண்காட்சியொன்று தொடங்கிற்று. புனைந்தமைத்த மூன்று குற்றக் காட்சிகளுள் ஒன்றைத் தெரிந்து, தடயங்களை ஆராய்ந்து, நடந்தது யாதெனப் பார்வையாளரே துணிதல் வேண்டும்.

இதனை வாசித்த நாள்முதல், அக்காவின் ஆறு வயது மகனுக்கு அவ்வனுபவத்தைத் திருகோணமலையிலேயே கொடுத்துப் பார்க்கும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. சென்ற விடுமுறையில் வீடு சென்றபோது, ஒரு தாளிலே ‘மறைந்த கோயில்’ எனத் தலைப்பிட்டு மூன்று வினாக்களை எழுதினேன். கோயிலை உடைத்தவர் யார்? அதன் கற்கள் எங்கே போயின? சிலைகள் எங்கே ஒளிந்திருந்தன? விடைகளை வேறொரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதலிற் கடல்சார் கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். ஒல்லாந்தர் காலக் கட்டடத்தைப் புதுக்கி 2013இல் திறக்கப்பட்டது அது. எங்கள் துறைமுகத்தை நாடிக் கப்பலேறி வந்தோரை அவனுக்கு வரிசைப்படுத்தினேன்: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர்.

“இதில ஆர் சித்தி உடைச்சது?” என்று அவன் காதோடு கேட்டான். குற்றவாளி அருகிலேயே நிற்பதுபோல் இருந்தது அவன் குரல்.

அங்கிருந்து முச்சக்கரவண்டியிற் பிரட்றிக் கோட்டைக்குப் போனோம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே அங்கே கோட்டை கட்டினர். வாயிற் கல்லிலே செதுக்கப்பட்ட பாண்டியரின் மீன்களை அவன் கண்டுபிடித்துத் துள்ளினான். முதலிரு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது. நானும் பெருமிதங் கொண்டேன்.

அருகிலிருந்த கல்வெட்டை வாசிக்கச் சொன்னான். பள்ளிக் காலத்திலேயே மனனஞ் செய்த பாட்டாதலால் தங்குதடையின்றி ஒப்புவித்தேன். அவனோ விரலாற் கல்லைச் சுட்டி, “அங்க எழுத்தே இல்லையே சித்தி” என்றான். உண்மைதான். கல்லிலே எழுத்துகள் பல சிதைந்துபோயின. நூல்களிலேதான் பாட்டு நிறைந்து நிற்கின்றது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னொரு காலத்திற் பறங்கியர் அழிப்பர் என முன்கூட்டியே சொல்லும் பாட்டு அது என்று விளக்கினேன்.

“உடைப்பினம் எண்டு முதலே தெரிஞ்சால், ஏன் ஒருத்தரும் தடுக்கேல்ல?”

என்னிடம் விடை இல்லை. அவனைச் சுவாமிமலைக்கு அழைத்துச் சென்று, 1950இற் கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட திருவுருவங்களைப் பற்றியும், 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் கடலடியிற் கண்ட கோயிற் சிதைவுகளைப் பற்றியும் சுவைபடக் கூறினேன். அவன் செவிகொடுக்கவில்லை. மலையடியில் மோதும் அலைகளைப் பார்த்தபடி, மீண்டும் அதையே கேட்டான்.

அப்போதுதான் நானும் அப்பாட்டை முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். அழிவுக்கு முன்னரே அது பாடப்பட்டிருந்தால், அறிந்தும் காக்க இயலாதோரின் கையறுநிலை அது. அழிவுக்குப் பின் பாடப்பட்டிருந்தாலோ, கண்ணெதிரே இடிந்ததை ‘முன்னரே விதிக்கப்பட்டது’ என்று சொல்லித் தேறிக்கொண்டோரின் குரல் அது. இத்தனை ஆண்டுகள் மனனஞ் செய்திருந்தும் இரண்டையும் நான் கேட்கவில்லை.

“உடைஞ்ச பிறகுதான் எழுதினவையோ தெரியாது ராசா” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். “அப்ப அழுதுகொண்டு எழுதியிருப்பினம்” என்றான்.

விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு கேட்கப்படும் வினா நல்ல விளையாட்டாகலாம், பரீட்சைக்கும் உதவலாம். எனினும், கேட்டவரையும் திகைக்க வைக்கும் வினாவிலேயே ஆராய்ச்சி தொடங்குகின்றது. கலைப்பீடத்து மண்டபங்களில் நான் கற்கத் தவறிய இப்பாடத்தை ஆறு வயதுச் சிறுவனொருவன் கற்பித்தான். அன்றிரவு அவன் உறங்கிய பின், தாளின் அடியிலே நான்காவதாக அவன் வினாவை எழுதினேன். விடைத்தாளில் அதற்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.