பால்கோவா எந்தக் கடையில வாங்குவீங்க?

ஒரு குட்டி டெஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர்றீங்க. ஆண்டாள் கோயில், பதினோரு நிலை ராஜகோபுரம், செல்ஃபி எல்லாம் முடிஞ்சாச்சு. வெளியே வந்தா திரும்பின பக்கமெல்லாம் பால்கோவா கடை. நீங்க என்ன பண்ணுவீங்க?

'வாசனை நல்லா இருக்கு, அரைக் கிலோ போடுங்கண்ணே'ன்னு முதல் கடையிலேயே வாங்கிட்டு நடையைக் கட்டுற ஆளா? இல்ல, கடை கடையா ஏறி இறங்கி, டேஸ்ட் பார்த்து, ரேட் விசாரிச்சு, கடைசியில ஒண்ணு வாங்கிட்டு, பஸ்ல உட்கார்ந்ததும் 'அந்த மூணாவது கடையில வாங்கியிருக்கலாமோ?'ன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற ஆளா?

சிரிக்காதீங்க பாஸ்! நாளைக்கு உங்க வேலையை நீங்க எப்படித் தேர்ந்தெடுப்பீங்கங்கிறதுக்கு இதுல ஒரு க்ளூ இருக்கு.

நாலு எழுத்து ஜாதகம்

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கினா போதும், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல 'பெர்சனாலிட்டி டெஸ்ட்' லிங்க் பறக்க ஆரம்பிச்சிடும். பத்து நிமிஷம் கேள்விகளுக்குப் பதில் சொன்னா, நாலு எழுத்துல 'இதுதான் நீ'ன்னு சொல்லிடும். இதோட பூர்வீகம் சுவாரஸ்யமானது. கார்ல் யுங்ங்கிற சுவிஸ் மனநல மருத்துவர் 1921-ல மனித மன வகைகளைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் பிடிச்சுக்கிட்டு, இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல ஒரு அம்மாவும் பொண்ணும் (கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ்) ஒரு கேள்வித்தாள் தயாரிச்சாங்க. ரெண்டு பேருமே முறைப்படி சைக்காலஜி படிச்சவங்க இல்ல! போர்க்காலத்துல புதுசா வேலைக்கு வந்த பெண்கள் தங்களுக்குப் பொருத்தமான வேலையைக் கண்டுபிடிக்கணும்ங்கிறது அவங்க ஆசை. மொத்தம் 16 வகை மனிதர்கள்னு அது பிரிக்குது.

ஆனா ஒரு விஷயம். அஞ்சு வாரம் கழிச்சு அதே டெஸ்ட்டைத் திரும்ப எழுதினா, பலருக்கு வேற வகை வருது. உலகம் பூரா மனுஷங்களைக் கூச்சசுபாவி, கலகலப்பானவன்னு ரெண்டு டப்பாவுல அடைக்க முடியாது. பெரும்பாலானவங்க நடுவுலதான் இருக்கோம். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீங்கன்னு டெஸ்ட்டை வெளியிடுற நிறுவனமே சொல்லுது. அதனால 'நான் இந்த டைப், எனக்கு மேடையில பேச வராது'ன்னு முடிவு கட்டிடாதீங்க!

நீங்க எந்த ரகம்?

'நான் யார்'ங்கிற கேள்வியை விட, 'நான் எப்படி முடிவெடுக்கிறேன்'ங்கிற கேள்வி நமக்கு உபயோகமா இருக்கும். ஸ்காட், புரூஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1995-ல அஞ்சு ரகம் சொன்னாங்க. எலெக்டிவ் பேப்பர் தேர்ந்தெடுக்கிற நாளை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

அலசல் பார்ட்டி: சிலபஸ், போன வருஷ ரிசல்ட், யார் கிளாஸ் எடுக்கிறாங்கன்னு எல்லாத்தையும் தாள்ல கோடு போட்டு எழுதுவாங்க.

மனசாட்சி பார்ட்டி: 'ஏனோ தெரியல, இதுதான் சரின்னு தோணுது'.

துணை பார்ட்டி: 'நீ எதுடா எடுத்திருக்கே?'

தள்ளிப்போடும் பார்ட்டி: கடைசித் தேதி ராத்திரி பதினொண்ணரைக்கு லாகின் பண்ணுவாங்க.

பட்டுன்னு பார்ட்டி: லிங்க் வந்த ரெண்டாவது நிமிஷம் சப்மிட்!

இது பிறவிக் குணம் இல்ல, பழகிப்போன வழக்கம்னுதான் அவங்க சொல்றாங்க. ஒரே ஆள்கிட்ட ரெண்டு மூணு ரகம் கலந்தும் இருக்கும்.

பெஸ்ட்டா? போதுமா?

ஹெர்பர்ட் சைமன், 1978-ல பொருளாதார நோபல் வாங்கினவர். எல்லா வாய்ப்பையும் அலசி 'மிகச் சிறந்ததை' எடுக்கிறதுக்கு மனுஷனுக்கு நேரமும் இல்ல, தகவலும் இல்ல. 'இவ்வளவு இருந்தா போதும்'னு ஒரு அளவு வெச்சு, அதைத் தாண்டின முதல் வாய்ப்பை எடுத்துக்கிறோம்னார். நம்ம முதல் கடை பால்கோவா ஆசாமி!

2006-ல வெளிவந்த ஓர் ஆய்வு நம்மளை மாதிரி ஆட்களைப் பத்தினது. அமெரிக்காவுல வேலை தேடின கடைசி வருஷ மாணவர்களை ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் மூணு பேரும் கவனிச்சாங்க. 'பெஸ்ட்தான் வேணும்'னு அலைஞ்சவங்களுக்கு மத்தவங்களை விட 20 சதவீதம் அதிகச் சம்பளம் கிடைச்சது. ஆனா கிடைச்ச வேலையில திருப்தி அவங்களுக்குத்தான் கம்மி! சம்பள உயர்வும் நிஜம், அந்தப் புழுக்கமும் நிஜம். எதைத் தாங்க முடியும்னு நாமதான் பார்த்துக்கணும்.

என் டர்ன்

நான் ராஜபாளையம். மூணாம் வருஷம், மெக்கானிக்கல். பஞ்சாலை ஊராச்சே, அப்பாவும் ஒரு மில்லுல ஃபிட்டர். காலேஜ்ல ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க: கோர் கம்பெனியா, ஐ.டி-யா, மேற்படிப்பா? ஒண்ணுதான் டிக் பண்ணணும்.

நான் அக்மார்க் 'துணை பார்ட்டி'. அம்மா, 'எல்லாரும் ஐ.டி-தானே போறாங்க, நீயும் போ. அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ'ன்னாங்க. அப்பா, 'உனக்குப் பிடிச்சதைப் பண்ணு பாப்பா'ன்னுட்டார். சென்னையில இருக்கிற சீனியர் அக்கா, 'கோர்ல ஆரம்பச் சம்பளத்துல ஹாஸ்டல் வாடகை போக என்ன மிஞ்சும்னு கணக்குப் போட்டியா?'ன்னாங்க. மூணு பேர் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனா காலையில எந்திரிச்சு அந்த வேலைக்குப் போகப்போறது நான்!

அதனால போனை ஓரமா வெச்சிட்டு மூணு வரி எழுதினேன். கையில மெஷின் தொடுற வேலையா இருக்கணும். தம்பி ஃபீஸுக்கு மாசாமாசம் ஏதாவது அனுப்பணும். அவசரம்னா ஒரு ராத்திரி பஸ்ல வீட்டுக்கு வந்து சேரணும். இந்த மூணும் பொருந்தினா போதும், அதுக்கு மேல தேட மாட்டேன். அப்புறம் சீனியர் அக்காகிட்ட மறுபடி பேசினேன். இந்தத் தடவை 'நான் எதை எடுக்கட்டும்?'னு கேட்கலை. 'சம்பளத்துல மாசம் எவ்வளவு மிஞ்சும்?'னு மட்டும் கேட்டேன். வந்த தொகை சின்னதுதான். ஆனா ரெண்டாவது வரிக்குப் போதும். கோருக்கு டிக் போட்டேன். அம்மா முகம் லேசா வாடிச்சு. அதுவும் இந்த முடிவோட விலையில சேர்த்திதான்.

நீங்களும் ட்ரை பண்ணலாமே!

* நீங்க எடுத்த கடைசி மூணு பெரிய முடிவுகளை எழுதுங்க. எதை எடுத்தீங்கங்கிறதை விடுங்க, எப்படி எடுத்தீங்கன்னு பாருங்க. உங்க ரகம் தெரிஞ்சிடும்.

* யாரையும் கேட்கிறதுக்கு முன்னாடி உங்க மூணு நிபந்தனைகளை எழுதிடுங்க. அப்புறம் தாராளமா கேளுங்க. முடிவைக் கேட்காதீங்க, தகவலைக் கேளுங்க.

* தள்ளிப்போடுறவரா? கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னாடி உங்களுக்குன்னு ஒரு தேதி வெச்சு, அதை ஒரு நண்பர்கிட்ட சொல்லிடுங்க.

* பட்டுன்னு முடிக்கிறவரா? சினிமா டிக்கெட்டுக்கு அந்த வேகம் ஓகே. ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடணும்னா, ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருச்சுப் போடுங்க.

ஃபார்ம் உங்க காலேஜுக்கும் வரும் பாஸ். பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி, உங்க மூணு வரி ரெடியா?