ஆற்றிங்கல் பக்கத்துச் செம்மண் பள்ளம்

திருவனந்தபுரத்திலிருந்து ஆற்றிங்கல் போகும் வழியில் கிளைச் சாலைகளில் திரும்பினால் எங்காவது ஒரு செம்மண் பள்ளம் கண்ணில் படும். குன்றில் பாதியைக் காணோம். மீதி செங்குத்தாக நிற்கும். வீட்டுத் தரை நிரப்ப, வயல் தூர்க்க, சாலை போட என்று தலைமுறைகளாகச் சரள் அள்ளிய அப்படியொரு பள்ளத்தை, அங்கேயே மண் வெட்டி முதுமையடைந்த ஒருவருடன் சுற்றிப் பார்த்தேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். இளவயதில் பிழைக்க வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

வெட்டிய சுவரை மேலிருந்து கீழாகக் காட்டிக்கொண்டே வந்தார். உச்சியில் ஒரு முழம்கூட வராத கறுத்த மண். புல், செடி வேரெல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான். அடுத்து உருண்டைச் சரள். பிறகு மழுவுக்கு மட்டுமே மசியும் வெட்டுகல். அதற்கும் கீழே சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, அடியில் வெள்ளைக் களிமண். திருவனந்தபுரம் நகரத்தில் பாரோட்டுகோணத்தில் 2014இல் திறந்த மண் அருங்காட்சியகத்தில், கேரளத்து மண்வகைகளை இப்படியே நெடுக்குவாட்டில் வெட்டியெடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே பெயர்ப்பலகை உண்டு. இங்கே பெரியவரின் விரல்.

வெட்டுகல் மண்ணுக்குள் இருக்கும்போது இளக்கம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். 1800இல் மலபார் வழியாக வந்த பிரான்சிஸ் புக்கானன் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துவிட்டு, 1807இல் வெளியான நூலில் லேட்டரைட் என்று எழுதினார். பாறையிலிருந்த சிலிக்காவையும் சுண்ணாம்புச் சத்தையும் நெடுங்கால மழை கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கியதால் வந்த மண் இது. புளிப்பு மண். போடுகிற பாஸ்பரஸை இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும். வேருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். கேரள விவசாயிகள் சுண்ணாம்பும் ராஜ்பாஸ் உரமும் போட்டு இதனோடு மல்லாடுவது அதனால்தான்.

பள்ளத்தின் தரையில் எது முளைத்திருக்கிறது என்று பார்த்தாலே எது போய்விட்டது என்று தெரிந்துவிடுகிறது. மழைநீர் தேங்கும் மூலையில் சம்பங்கோரை. ஈரம் கசியும் சுவரில் இலையின் அடிப்புறம் வெள்ளைத் தூள் பூசிய பெரணி. குவித்துப்போட்ட மண்மேட்டில் கம்யூனிஸ்ட் பச்சை என்னும் செடி. விளிம்பெல்லாம் மிக்கானியா கொடி. நடுவே அக்கேசியா. 1980களில் சமூகக் காடு வளர்ப்பில் கேரளமெங்கும் நட்ட ஆஸ்திரேலிய மரம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர்முடிச்சில் சேர்த்துக்கொள்வதால் வெறுந்தரையிலும் பிழைத்துவிடும். இதைப் பச்சை என்று அறிக்கையில் எழுதிவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை: அதன் சருகு சீக்கிரம் மக்காமல் மெத்தையாகக் கிடந்தது, அடியில் நாட்டுக்கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஆனால் வடக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வேறு மாதிரி இருந்தது. வட்டக்கண்ணி குடைபோல் இலை விரித்திருந்தது. அதன் நிழலில் பறவை எச்சத்தில் வந்த கன்றுகள். காரணத்தைப் பெரியவரிடம் கேட்டேன்.

“அது நாங்க கையால வெட்டின இடம் பிள்ளே. மேல உள்ள கறுத்த மண்ண லோடுல ஏத்த மாட்டோம். முதலாளி தென்ன மூட்டுல போடச் சொல்லுவாரு. மிச்சத்த இந்த ஓரத்துல தட்டினோம்.”

“இப்போ, அண்ணே?”

“இப்போ ஹிட்டாச்சி வருது. ஒரே வாரு. கறுப்பும் செவப்பும் ஒண்ணா டாரஸ் லாரில போவுது.”

மண்வெட்டிக் காலத்தை நான் புகழ வரவில்லை. தலைச்சுமையாய் மண் சுமந்த பெண்களின் கழுத்து வலியை அவரே சொன்னார். ஆனால் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்குவது அந்த வேலையின் ஒழுங்காக இருந்தது. இயந்திரம் ஓட்டுபவரிடம் அதை யாரும் சொல்வதில்லை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேல்மண்ணைச் சேமிக்க வேண்டும் என்பது இத்தகைய அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. காகிதத்தில் குறையில்லை.

மண்ணெடுக்க நிலம் கொடுப்பவர்கள் லோடுக்கு விலை பேசும்போதே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: மேல் ஓரடி மண் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் பள்ளத்தில் திரும்பப் பரப்ப வேண்டும். முதல் நாள் இயந்திரம் இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.